பொட்டு வெச்சா தொட்டதா ஆகுமா?

இப்படி வாங்கக்கா, இந்தப் பக்கம் நிழல் இருக்குது. அந்தக் கல்லுல வேண்டாம், எறும்பு. இங்க உக்காருங்க. தாராபுரம் பக்கத்துல இருந்துதானே வர்றீங்க? நீங்க சொல்ல வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கினதும் மளிகைக் கடை எங்கேன்னு தேடுனீங்க பாருங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வெளியூர்ல இருந்து ஒருத்தங்க தனியா வந்து கடையைத் தேடுனா அது பொண்ணு விசாரிக்கத்தான். எங்க அண்ணனுக்குப் பொண்ணு பாத்தப்ப நானும் அப்படித்தான் ஒரு ஊர்ல போய் வேண்டாத தேங்காய் ஒண்ணு வாங்கினேன்.

நீங்க மாப்பிள்ளையோட அக்கா. போட்டோவுல பாத்த அதே மூக்கு.

கடைக்கார கோகிலாகிட்ட மட்டும் போயிடாதீங்க. நல்லவதான், ஆனா வாய் நிக்காது. விசாரிக்க வர்றவங்களுக்கு எதைச் சொல்லணும், எதைச் சொல்லக் கூடாதுன்னு ஒரு அளவு வேண்டாமா? அந்த அளவு அவளுக்குக் கிடையாது. நீங்க விசாரிக்க வந்த பொண்ணு இந்துமதிக்கு நான்தான் அண்ணி, கௌசல்யா. அவ அண்ணனைத்தான் கட்டியிருக்கேன். வீட்டு ஆளே சொல்றப்ப வெளி ஆள்கிட்டக் கேக்க வேண்டியதில்லை பாருங்க. இது என் பொண்ணு தன்ஷிகா. ஏ பாப்பா, அந்தம்மா பையை இழுக்காத. அதுல உனக்கு ஒண்ணும் இல்ல.

கேளுங்கக்கா. என்ன வேணா கேளுங்க. மறைக்கிறதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்ல.

அந்த வீடியோவா? அதைத்தான் கேப்பீங்கன்னு நினைச்சேன். உங்க ஊர் வரைக்கும் வந்துடுச்சா! அது பெரிய விஷயமே இல்லீங்க. சும்மா, இந்த அணைத் தண்ணியில இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு நீந்தினா. அவ்வளவுதான். அன்னைக்கு ஒரு நாள். அதுக்கப்புறம் தண்ணிப் பக்கமே போகல. அதாவது, முன்ன மாதிரி போகல.

கல்யாணத்துக்கு அப்புறமா? விட்டுடுவா, விட்டுடுவா. நான் பொறுப்பு.

டிரெஸ்ஸைப் பத்தியும் கேக்க நினைச்சிருப்பீங்க, நானே சொல்லிடறேன். கழுத்துல ஆரம்பிச்சு முழங்கால் வரைக்கும் மூடினது. நான் என் கல்யாணத்துக்குப் போட்ட ஜாக்கெட்டை விட அதுல துணி ஜாஸ்தி. ஆம்பளைங்க யாரும் கூட இல்ல. பரிசல்காரர் சென்னியப்பன் மட்டும்தான், அவர் எங்க மாமனாருக்குப் பங்காளி. அப்புறம் கோச் சவரிமுத்து சார். தீயணைப்புல இருந்து ரிட்டயர் ஆனவர், பேரன் பேத்தி எடுத்தவர். அப்புறம் தீயணைப்புக்காரங்க நாலு பேர், அவங்க வேற படகு. பத்திரிகைக்காரங்களைக் கணக்குல சேக்கக் கூடாது, அவங்க எல்லா இடத்துக்கும் வருவாங்க.

எதுக்கு நீந்தினான்னு உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. வீடியோவுல அதெல்லாம் வராது. அதோ, தண்ணிக்கு அந்தப் பக்கம், மலை அடிவாரத்துல வெள்ளையா தெரியுது பாருங்க, அது பள்ளிக்கூடம். ஊர் பேரு குட்டப்பாறை. கண்ணுக்கு எட்டுற தூரம்தான், ஆனா ரோட்டுல போனா அணையைச் சுத்தி, மலையைச் சுத்தி அரை நாள் ஆயிடும். அவங்களுக்கு ஆஸ்பத்திரின்னா பரிசல்ல இந்தக் கரைக்கு வந்து, இங்க இருந்து டவுனுக்குப் போகணும். ஆடிக் காத்து அடிச்சுதுன்னா பரிசல் இறங்காது. போன வருசம் ஆடியில செவந்தின்னு ஒரு பொண்ணுக்கு வலி எடுத்து, பரிசல் இறங்காம, மினி லாரியில வெச்சு மலையைச் சுத்திக் கொண்டு போனாங்க. தாயைக் காப்பாத்திட்டாங்க. குழந்தை போயிடுச்சு.

இந்துமதி டவுன் பெரிய ஆஸ்பத்திரியில லேப்ல வேலை செய்யறாளில்ல, செவந்திக்கு ரத்தம் எடுத்தது இவதான். அன்னைக்கு வந்து சாப்பிடல. பருப்புச் சோறு பண்ணி வெச்சிருந்தேன், தட்டுல போட்டது போட்டபடி இருந்துச்சு. "என்னடி?"ன்னேன். "அண்ணி, நம்ம வீட்டு மாடியில இருந்து பாத்தா அவங்க வீடு தெரியுது"ன்னா. தெரியறதுதானே, அதுக்கு எதுக்குச் சாப்பிடாம இருக்கணும்னு நான் கேட்டேன். அவ தட்டை மூடி வெச்சுட்டு மறுபடி மாடிக்குப் போயிட்டா.

அப்புறம் டவுன்ல ஒரு சேவைச் சங்கத்துல போய், குட்டப்பாறைக்கு ஒரு மோட்டார் படகு வேணும்னு கேட்டிருக்கா. ஆம்புலன்ஸ் மாதிரி, படுக்க வெச்சுக் கொண்டு வர்றதுக்கு. அவங்க என்ன சொன்னாங்க தெரியுங்களா? படகுன்னு சும்மா கேட்டா யாரும் குடுக்க மாட்டாங்கம்மா, யாராவது ஏதாவது செஞ்சு காட்டினாத்தான் குடுப்பாங்க. ஒண்ணு ஓடணும், இல்லாட்டி சைக்கிள் மிதிக்கணும், இல்லாட்டி நீந்தணும். ஒருத்தி குழந்தையைப் பறிகொடுத்தான்னா குடுக்க மாட்டாங்களாம், இன்னொருத்தி நீந்தினா குடுப்பாங்களாம். எனக்கு இன்னைக்கு வரைக்கும் அது புரியல. புரியாட்டி என்ன, குடுத்தாச் சரி.

இவளுக்கு நீச்சல் சின்ன வயசுல இருந்தே வரும். எங்க வீட்டுக்காரர் கிணத்துல தள்ளிவிட்டுக் கத்துக் குடுத்தது. காலேஜ்ல குளத்துல நீந்தி மெடல் எல்லாம் வாங்கியிருக்கா. சரி, நான் நீந்தறேன்னு சொல்லிட்டு வந்துட்டா.

எங்க அத்தை ஒத்துக்கலைங்க. "வெயில்ல கறுத்துப் போவா, எவன் கட்டுவான்?"னு ஒரே பிடி. நான்தான் பேசி ஒத்துக்க வெச்சேன். எங்க அத்தை என் பேச்சைத் தட்டவே மாட்டாங்க. ஒத்துக்கிட்ட பிறகு ஒரு மாசம் என்கிட்டப் பேசல, அது வேற விஷயம். கறுப்பு எல்லாம் போயிடுச்சுக்கா. இப்ப வந்து பாத்தீங்கன்னா கையில மட்டும்தான். கழுத்துலயும் கொஞ்சம்.

தினமும் விடியறதுக்கு முன்னாடி தண்ணிக்குப் போவா. ஒரு வயசுப் பொண்ணைத் தனியா விட முடியுங்களா? நானும் போவேன். நான் தண்ணியில இறங்கலைங்க. முட்டி வரைக்கும். கழுத்து வரைக்கும் இறங்கினது ரெண்டு மூணு தடவைதான், அதுவும் சோப்பு நழுவிப் போனதால. கால் அடிக்கிறது எல்லாம் அப்படியே தானா வந்துடுச்சு. இதை எங்க அத்தைகிட்டச் சொல்லிடாதீங்க.

சவரிமுத்து சார் என்னைப் பாத்து, "கௌசல்யாம்மா, நீங்கதான் பரிசல்ல வந்து சாப்பாடு குடுக்கணும்"னுட்டார். நீந்தறவங்க பரிசலைத் தொடக் கூடாதாம். பரிசல்ல இருக்கிறவங்க அவங்களைத் தொடக் கூடாதாம். தொட்டா அவ்வளவு நேரம் நீந்தினது கணக்குல வராது. அப்ப எப்படிக் குடுக்கறது? அதுக்கு அவங்க ஏதோ குழாய் எல்லாம் வெச்சுப் படம் காட்டினாங்க. நான் மாங்காய் பறிக்கிற தொரட்டியை எடுத்து, கொக்கியைக் கழட்டிட்டு, சொம்பைக் கட்டினேன். முடிஞ்சுது. கருப்பட்டித் தண்ணி, கஞ்சி, பிசைஞ்ச வாழைப்பழம், எல்லாம் அதுலதான். சார் அதைப் போட்டோ எடுத்து வேற ஊருக்கெல்லாம் அனுப்பினார்.

எந்திரிக்காதீங்கக்கா, அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது. ஊருக்குள்ள போய் விசாரிக்கணுமா? எதுக்கு? எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்க, இவ்வளவு விவரமாச் சொல்ல மாட்டாங்க.

ஆவணி பொறந்து ஒரு வாரம். அணை நிறைஞ்சு கிடக்குது. மத்தியானத்துக்கு மேல காத்து எடுக்கும்னு விடியறப்பவே இறக்கினாங்க. ஊரே கரையில நிக்குது. கக்கத்துலயும் கழுத்துலயும் உரசாம இருக்க விளக்கெண்ணெயைத் தடவி விட்டேன். எங்க அத்தை தள்ளி நின்னு, "கல்யாணத்துக்கு வைக்கிற நலங்கை இங்கயே வெச்சுடு"ன்னாங்க. ஒரு மாசம் கழிச்சு என்கிட்டப் பேசின முதல் பேச்சு அது.

சாட்சிக்குன்னு சங்கத்துல இருந்து ஒரு மேடம் வந்திருந்தாங்க. கழுத்துல விசில், கையில குடை. சிரிப்பே வராது. அவங்க எழுதிக் குடுத்தாத்தான் படகு. அன்னைக்கு ஒரு நாள் இவ முங்கிடக் கூடாதுன்னு டவுன்ல இருந்து மோட்டார் படகு கொண்டாந்திருந்தாங்க. நான் சென்னியப்பன் மாமாகிட்ட, "இதையே குட்டப்பாறைக்குக் குடுத்துட்டுப் போயிடலாம்ல, யாரும் நீந்த வேண்டாம்"னேன். "வாயை மூடிட்டு உக்காரு புள்ள"ன்னார்.

நல்லாத்தான் நீந்தினா. அவ கையைப் போடறதைப் பாத்தா நெல்லு நடற மாதிரி இருக்கும். அவசரமே இல்ல. நான் தொரட்டியை நீட்டுவேன், சொம்பை எடுத்துக் குடிப்பா, திருப்பி மாட்டுவா, போயிடுவா. நடு அணை தாண்டினதும் குட்டப்பாறை ஆளுங்க தெரிய ஆரம்பிச்சாங்க. பொம்பளைங்க எல்லாம் கரையில கூடி நிக்கிறாங்க.

இப்ப நீங்களே சொல்லுங்கக்கா. ஒரு வயசுப் பொண்ணு முதல் தடவையா ஒரு ஊருக்கு வர்றா. அவங்களுக்காக உயிரைக் குடுத்து வர்றா. வெறும் நெத்தியோட கரையேத்தலாமா? நான் வீட்டுல இருந்தே கூடையில ஆரத்தித் தட்டு கொண்டு போயிருந்தேன். மஞ்சள், சுண்ணாம்பு, குங்குமம், எல்லாம். கரை கிட்ட வந்ததும் பரிசலை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி, ஆரத்தியைக் கரைச்சு, அந்த ஊர்ப் பொம்பளைங்க ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு, இடுப்பளவு தண்ணியில நின்னேன். அவ காலை ஊணி எந்திரிச்சா. மூணு சுத்து சுத்தினேன். கட்டை விரல்ல தொட்டு, நெத்தியில பொட்டு வெச்சேன்.

விசில் ஊதிட்டாங்க.

நான் முடிஞ்சுதுன்னு ஊதறாங்கன்னு நினைச்சு, "குலவை போடுங்கடி"ன்னேன். அவங்களும் போட்டாங்க. அந்த மேடம் படகுல எந்திரிச்சு நின்னு, "தொட்டுட்டாங்க, செல்லாது!"ங்கறாங்க.

"யாரு தொட்டா?"ன்னேன்.

"நீங்கதான்."

"நான் தொடலைங்க, பொட்டு வெச்சேன்."

"பொட்டு எப்படி வெச்சீங்க?"

"எல்லாரும் வைக்கிற மாதிரிதான்."

"தண்ணிக்கு வெளிய ரெண்டு காலும் வந்து நிக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு நேத்தே சொன்னேனே!"

சொன்னாங்கதான். யாரு இல்லேன்னா? ஆனா தொடுறது வேற, பொட்டு வைக்கிறது வேற. நாளைக்கு உங்க வீட்டுக்கு எங்க பொண்ணு வந்து நிக்கறப்ப நீங்க ஆரத்தி எடுத்துப் பொட்டு வெச்சீங்கன்னா, தொட்டுட்டேன்னு சொல்லுவீங்களா? நியாயம்தானே நான் கேக்கறது? ஒரு விரல். அதுவும் ஒரு நொடி. கரைக்கு இன்னும் பத்தடி கூட இல்ல. அந்த மேடத்துக்கு நெத்தியில ஸ்டிக்கர் பொட்டு, அவங்களுக்கு எங்க புரியப் போவுது.

இந்துமதி கரையேறி உக்காந்தா. சவரிமுத்து சார் தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறார். அப்பத்தான் செவந்தி முன்னாடி வந்தா. அவளை அன்னைக்குத்தான் நான் நேர்ல பாக்கறேன். சின்னப் பொண்ணுக்கா, என் வயசு கூட இருக்காது. என்கிட்ட வந்து மெதுவா, "அப்பப் படகு வராதுங்களா?"ன்னா. வேற ஒண்ணும் கேக்கல. என்கிட்ட ஏன் வந்து கேட்டான்னு தெரியல. நான் தட்டைக் கையில வெச்சிருந்ததால நான்தான் பெரிய ஆளுன்னு நினைச்சுட்டா போல. எனக்கு வாய் வரல. எனக்கே வாய் வரலைன்னா பாத்துக்கங்க.

இந்துமதி அவளையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் மேடத்தைக் கேட்டா: "மேடம், அந்தக் கரையில இருந்து இந்தக் கரைக்குன்னு எழுதியிருக்கா? இல்ல, ஒரு கரையில இருந்து இன்னொரு கரைக்குன்னு எழுதியிருக்கா?"

மேடம் யோசிச்சாங்க. "கரைக்குக் கரை"ன்னாங்க.

"அப்ப இங்க இருந்து ஆரம்பிச்சா?"

சார், "பைத்தியமா உனக்கு? காத்து எடுக்கப் போவுது"ன்னு கத்தினார். "காத்து மேக்க இருந்துதானே சார் வரும், முதுகுல தள்ளும்"ன்னா. சொல்லிட்டு என் பக்கம் திரும்பி, "அண்ணி, பொட்டு நேரா இருக்கா?"ன்னா.

நேராத்தான் இருந்துச்சு. நேரா இருக்குன்னு சொன்னேன். அதுக்கு எதுக்கு எல்லாரும் சிரிச்சாங்கன்னு தெரியல, அந்த மேடம் கூட சிரிச்சுட்டாங்க.

பள்ளிக்கூட வராண்டாவுல கொஞ்ச நேரம் படுத்தா. செவந்தி அவ காலைப் பிடிச்சு விட்டா. நான் கஞ்சி கலக்கினேன். எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "அங்கேயே நில்லுங்க, திரும்பி வர்றோம், யாரும் இவளைத் தொடக் கூடாது, ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க"ன்னேன். "இப்ப யாரு தொட்டா?"ன்னார். "அதை வந்து சொல்றேன்"ன்னு வெச்சுட்டேன்.

ஒரு நிமிசம், சென்னியப்பன் மாமா வர்றார்... ஒண்ணுமில்ல மாமா, இவங்க எங்க சின்னம்மா பொண்ணு, பஸ்ஸுக்கு உக்காந்திருக்காங்க. ஆமா மாமா. வாங்க மாமா... போயிட்டார். அவர்கிட்ட விட்டா முழுசாச் சொல்ல மாட்டார், பாதியில அவர் பரிசல் பெருமையை ஆரம்பிச்சுடுவார்.

திரும்பி வந்ததுதான் கஷ்டம். காத்து முதுகுல தள்ளுச்சு, நெசம்தான். ஆனா அலையும் முதுகுல ஏறுச்சு. பரிசல் பம்பரமாச் சுத்துது. பாதி வழியில அவ வாந்தி எடுத்தா. கை தூக்கறதே தெரியல. தண்ணியில அப்படியே நிக்கிறா, உதடு எல்லாம் வெளுத்து. நான் தொரட்டியைக் கீழ போட்டுட்டுக் கையை நீட்டிட்டேன். நினைச்சு நீட்டலைங்க, கை தானா போச்சு. சென்னியப்பன் மாமா துடுப்பாலயே என் கையில ஒண்ணு வெச்சார். "கையை உள்ள வைடி! அவ இன்னொரு தடவை அங்க போய்ட்டு வரணுமா?"

கையை எடுத்துத் தொடைக்கு அடியில வெச்சு அதுமேல உக்காந்துக்கிட்டேன்.

சார் அடுத்த படகுல இருந்து, "பேசும்மா, அவகிட்டப் பேசிக்கிட்டே இரு, நிக்க விடாதே"ன்னார். பேசறது எனக்கு வராதுன்னு இல்ல, ஆனா அந்த நேரத்துல என்ன பேசறது? கோகிலா கடையில அழுகின தக்காளியை அடியில போட்டுக் குடுத்ததைச் சொன்னேன். தன்ஷிகா கோழிக்குப் பவுடர் போட்டு விட்டதைச் சொன்னேன். ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சோறும் கத்தரிக்காய்ப் பொரியலும்னு சொன்னேன். எல்லாம் தீந்து போச்சு. கடைசியா உங்க தம்பி ஜாதகம் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

ஆமாங்க, அதுவரைக்கும் அவகிட்டச் சொல்லல. நீச்சல் முடியட்டும்னு வெச்சிருந்தோம். "தாராபுரம் பக்கம்டி, பையனுக்கு விவசாய ஆபீஸ்ல வேலை, ஒரே ஒரு அக்கா"ன்னேன். அவ தலையைத் தூக்கினா. தண்ணியில நின்னுக்கிட்டே, மூச்சு வாங்கிக்கிட்டே, "அவருக்கு நீந்தத் தெரியுமா அண்ணி?"ன்னா.

"மீன் மாதிரி!"ன்னுட்டேன்.

வேற என்னங்க சொல்றது, நடு அணையில? அவ திரும்பிக் கையைப் போட ஆரம்பிச்சா.

கரை தெரிஞ்சுது. நான் முதல்ல பாத்தப்ப எனக்கு ஒண்ணும் புரியல. ஊர்ச் சனம் மொத்தமும் கரையில வரிசையா நிக்குது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி, எல்லாரும் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு. நடுவுல எங்க அத்தை. "எவளாவது கையை முன்னாடி கொண்டாந்தீங்க, ஒடிச்சுப் போட்டுடுவேன்"னு சொல்லிக்கிட்டு இருந்தாங்களாம். எவன் கட்டுவான்னு கேட்ட அதே அத்தை.

இவ முட்டி தண்ணிக்கு வந்துட்டா. எந்திரிச்சா, விழுந்தா. மறுபடி எந்திரிச்சா, முகம் குப்புற விழுந்தா. சேறுக்கா, சேறும் கல்லும். நாலு காலுல தவழ்ந்து வர்றா. முட்டியில ரத்தம். எங்க வீட்டுக்காரர் தாங்காம ஒரு எட்டு முன்னாடி வெச்சார். எங்க அத்தை "டேய்!"னாங்க. அப்படியே நின்னுட்டார். எங்க மாமனார் கண்ணுல தண்ணி ஊத்துது, துடைக்கக் கையை முன்னாடி கொண்டு வரல. ஊரே நிக்குது. அவ மூச்சு மட்டும் கேக்குது.

அப்ப இது ஓடுச்சு. இந்தக் கழுதைதான், தன்ஷிகா. "அத்தே!"ன்னு கத்திக்கிட்டுக் கையை விரிச்சுக்கிட்டு நேரா அவகிட்ட ஓடுது. நான் பரிசல்ல இருக்கேன், எப்படிப் பிடிப்பேன்? கரையில அவ்வளவு பேர் நிக்கிறாங்க, குழந்தையைப் பிடிக்கிறதுக்கு ஒருத்தர் கையைப் பின்னாடி இருந்து எடுக்கணுமே! எங்க அத்தை பேச்சுக்கு அவ்வளவு பயம். "பிடிங்க, பிடிங்க"ன்னு நான் கத்தறேன். எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு, "பாப்பா, போகாத! பாப்பா, வா!"ன்னு வாயாலயே பிடிக்கிறாங்க. மேடம் விசிலை வாயில வெச்சுட்டாங்க.

இந்துமதி தலையைத் தூக்கிப் பாத்தா. குரலே இல்ல அவளுக்கு. "தன்ஷு, நில்லு. கண்ணாமூச்சி. நீதான் எண்ணணும். கண்ணை மூடு."

இது டக்குன்னு நின்னு, ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கிச்சு. "ஒண்ணு... ரெண்டு... அஞ்சு... ரெண்டு..."

அந்த எண்ணிக்கைக்குள்ள அவ தவழ்ந்து, ஒரு காலை வெளிய வெச்சு, இன்னொரு காலை இழுத்து, எந்திரிச்சு நின்னா. காய்ஞ்ச மண்ணுல. தனியா.

விசில் அடிச்சுது. இது கண்ணைத் திறந்து, "புடிச்சிட்டேன்!"னு காலைக் கட்டிக்கிச்சு.

கண்ணாமூச்சி இதுக்குச் சொல்லிக் குடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான்.

விசில் அடிச்ச பிறகும் எங்க அத்தை கையை எடுக்கலைங்க. மக முன்னாடியே நிக்கிறாங்க, கை பின்னாடியே இருக்குது. நான் பரிசல்ல இருந்து குதிச்சு ஓடி, "அத்தை, இப்பத் தொடலாம்"னேன். என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "அதான் பொட்டு வைக்கறதுக்குன்னு ஆள் இருக்குதே, நீயே போய் வை"ன்னாங்க. அவ்வளவு பேர் முன்னாடி என்னைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க. எங்க அத்தைக்கு என்மேல அவ்வளவு பிரியம்.

படகு வந்துடுச்சுங்க. ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா நீந்தினதால பேப்பர்ல பெரிசாப் போட்டு, கேட்டதை விடப் பெரிய படகாவே குடுத்தாங்க. நான் மட்டும் அன்னைக்குப் பொட்டு வைக்காம இருந்திருந்தா சின்னப் படகுதான் வந்திருக்கும். இதை நான் வெளிய சொல்லிக்கறது இல்ல. போன வாரம் ஒரு பிரசவத்துக்குக் கொண்டு வந்தாங்க, அது படகுலயே ஆயிடுச்சு. குழந்தைக்கு இந்துமதின்னு வைக்கலாம்னு இருந்தாங்களாம், பையனாப் போச்சு.

என்னங்கக்கா, பேசாம இருக்கீங்க? பயந்துட்டீங்களா? நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லல, குறைச்சும் சொல்லல. விட்டுடுவான்னு சொன்னேனா? சொன்னேன். விட்டுடுவாங்க. மார்கழியில வேற ஒரு அணை இருக்குது, கண் ஆஸ்பத்திரிக்காக. அது உங்க நிச்சயத்துக்கு முன்னாடியே முடிஞ்சிடும். அப்புறம் மாசியில ஒண்ணு. அதுக்கு மேல பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க, முடிவாகல. அது கடலாம்.

சரி, நீங்க வந்த வேலை முடிஞ்சுது. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்கக் கூடாது. நாங்களும் பொண்ணைக் குடுக்கறவங்க, விசாரிக்கணும்ல. உங்க தம்பிக்கு நெசமாவே நீந்தத் தெரியுங்களா?

தெரியாதா? வாய்க்கால்ல கூடவா?

அட, பரவாயில்லக்கா. முகத்தை ஏன் அப்படி வெக்கறீங்க. நானும் யோசிச்சுப் பாத்தேன், தெரியாம இருக்கறதும் நல்லதுக்குத்தான். தெரிஞ்சவரா இருந்தா பாதியில பதறிப்போய்க் கூடவே குதிச்சுடுவார், எல்லாம் செல்லாமப் போயிடும். நீந்தறதை அவ பாத்துக்குவா.

இது ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ விழுந்து எந்திரிச்சு வர்றப்ப, கரையில கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு அவரால நிக்க முடியுங்களா?